லாரியின் காற்றுக் கசிவும் நம் கடமையும்

சரக்கு ஏற்றப் போகும் லாரியில் பிரேக்குக்கான காற்று இறங்குகிறது என்று ஓட்டுநர் ஒருவர் சொல்வாரானால், அந்த லாரி சரக்குக் கிட்டங்கிக்குப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போக வேண்டும் என்பதும், அதனால் கழியும் நேரத்துக்கு உரிய கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். இதில் புதுமை என்ன இருக்கிறது, எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயந்தானே என்று வாசகர் நினைக்கலாம். கேட்டால் எல்லாரும் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆயினும் சேலத்திலும் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரியை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களின் அன்றாட நடைமுறையில் இந்த நியாயத்துக்கு இன்னும் நிலையான இடம் ஏற்படவில்லை. வாடகை பேசி முடிந்திருக்கும், பாரம் காத்திருக்கும், வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கியிருக்கும், "போற வழியில பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு வண்டி புறப்பட்டுவிடும்.

நாமக்கல் 1997 ஜனவரி முதல் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று என்றாலும், மோட்டார்த் தொழிலைப் பொறுத்தவரை இவ்விரண்டு மாவட்டங்களின் சமவெளியும் ஒரே பட்டறைதான். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக வந்து சேருகிற வண்டிக்கு மரமும் இரும்பும் கொண்டு பாடி கட்டித் தருகிற கைவினைஞர்களும், சமையல் எரிவாயுவைத் தென்னாடு முழுவதும் ஏற்றிச் செல்கிற டேங்கர் லாரிகளின் சொந்தக்காரர்களும், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளை நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அனுப்பிவைக்கிற திருச்செங்கோட்டுக்காரர்களும் இந்த மண்ணில் அருகருகே வாழ்கிறார்கள். இவர்கள் அனைவருடைய ஜீவனமும் அழுத்தி அடைத்த காற்றோடு சம்பந்தப்பட்டது. சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அனுப்பி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் பாறையை உடைக்கிற சுத்தியலை இயக்குகிற ரிக் தொழிலாளிக்குக் காற்று எங்கே கசியும், எப்படிக் கசியும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அறிவில்லாத ஊரில் அலட்சியம் இருந்தால் அதை மன்னித்துவிடலாம். இவ்வளவு அறிவும் அனுபவமும் குவிந்திருக்கிற இடத்தில் அது நீடிப்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

காற்றால் வண்டியை நிறுத்துகிற வித்தை ரயிலில் பிறந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் ஏற்பாட்டில், குழாயில் காற்றைச் செலுத்தினால் பிரேக் பிடிக்கும். ஆகவே குழாய் அறுந்துபோனால் பிரேக்கும் போய்விடும். இந்தக் குறையை உணர்ந்து 1872-இல் அவர் அதை நேர்மாறாக அமைத்தார். குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை சக்கரம் சுழலும், காற்று குறைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பது புதிய ஏற்பாடு. இன்றைய லாரியில் இவ்விரண்டு தத்துவங்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஓட்டுநர் காலால் மிதிக்கிற பிரேக் காற்றின் பலத்தால் பிடிக்கிறது. வண்டியை நிறுத்தி வைப்பதற்கான கைப்பிரேக்கோ, பலமான ஸ்பிரிங் ஒன்றின் பலத்தால் பிடிக்க, அந்த ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளி விடுவித்து வைப்பதே காற்றின் வேலையாகிறது.

இதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டவர்கள், காற்று போனால் வண்டி தானாகவே நின்றுவிடும், பிறகு என்ன பயம் என்று தைரியம் சொல்வதைப் பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். இந்தத் தைரியம் அபாயகரமானது. நிறைந்த நிலையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ காற்று இருக்கிற வண்டியில், அது வெகுவாக இறங்கிய பிறகுதான் ஸ்பிரிங் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. அதுவரையிலும் கால் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்பட்டுக்கொண்டே வரும். மிதிக்கிற காலுக்கு அது உடனே தெரியாது. சமதரையில் காலி வண்டி ஓட்டும்போது அறவே தெரியாது. முடிவில் ஸ்பிரிங் பிடிக்கும்போதும் அது எல்லாச் சக்கரங்களையும் பிடிப்பதில்லை. பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டுமே, அதுவும் ஓட்டுநர் விரும்பாத இடத்தில், விரும்பாத நேரத்தில் பிடிக்கும். நெடுஞ்சாலையின் நடுவில் இருட்டில் அப்படி நின்றுவிட்ட வண்டியின்மேல் பின்னால் வருகிறவர் மோதாமல் இருந்தால் அது அவருடைய பாக்கியம். இதைவிடக் கொடியது ஒன்றும் நடக்கிறது. நின்றுபோன வண்டியை எப்படியாவது ஊர் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சக்கரத்தருகே காற்றை வாங்கிப் பிரேக்கைத் தள்ளுகிற பூஸ்டருக்குப் பின்னாலுள்ள போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கைச் செயலற்றதாக்கிவிட்டு, அந்தக் கடைசிப் பாதுகாப்பும் இல்லாமலே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பட்டறையில் பழுது பார்ப்பதற்கும், வண்டியைப் பாதையிலிருந்து ஓரங்கட்டுவதற்கும் வைக்கப்பட்ட சாதனம் அந்தப் போல்ட். பாரத்தோடு பிரயாணம் செய்வதற்காக வைக்கப்பட்டது அன்று.

கசிவைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்கு வேண்டியவை பொறுமையும் கொஞ்சம் சோப்புத் தண்ணீருமே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, கேஜின் முள் உச்சிக்கு ஏறி அன்லோடர் வால்வு 'புஸ்'ஸென்று மிகுதிக் காற்றை வெளியே தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, எதையும் மிதிக்காமல் ஒரு நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து, பெடலை முழுவதும் மிதித்துப் பிடித்து, மிதித்த கணத்தில் ஏற்படுகிற இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல், இன்னொரு நிமிடம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் காற்றுப் பிரேக் உள்ள கனரக வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்கள் இத்தகைய பரிசோதனையைச் செய்து காட்டியாக வேண்டும். அங்கே தனி லாரிக்கு விதித்திருக்கிற வரம்பு, மிதிக்காதபோது நிமிடத்துக்கு 2 பவுண்டு, மிதித்தபோது 3 பவுண்டு. டிரெய்லர் கோத்த வண்டிக்கு முறையே 3 பவுண்டும் 4 பவுண்டும். நம் கேஜில் உள்ள கிலோக் கணக்குக்கு மாற்றினால், 2 பவுண்டு என்பது முள்ளின் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய அசைவு, 0.14 கிலோ.

இவ்விரண்டு நிமிடங்களும் கசிவு உண்டா இல்லையா என்பதோடு, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகின்றன. மிதிக்காதபோதே முள் இறங்கினால் குற்றம் டேங்கிலோ, டேங்கிலிருந்து வால்வு வரை வருகிற குழாயிலோ, ஸ்பிரிங் பிரேக்கின் பக்கத்திலோ இருக்கிறது. மிதித்தால் மட்டும் இறங்கினால், வால்வுக்கு அப்பால் சக்கரத்துக்குப் போகிற ஹோஸிலோ பூஸ்டரின் டையாபிரத்திலோ இருக்கிறது. பாதித் தேடல் இங்கேயே முடிந்துபோகிறது. எஞ்சிய பாதியைக் காதும் சோப்பு நுரையும் முடித்துவைக்கும். இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தால் குமிழ் எழுகிற இடமே பழுதான இடம். அங்கேயும் அவசரப்படலாகாது. பித்தளை நட்டு கசிந்தால் ஸ்பானரைப் போட்டு இன்னும் ஒரு சுற்று முறுக்குவது நம்மவர்களின் இயல்பு. அப்படி முறுக்கினால் உள்ளிருக்கும் ஃபெரூல் வளையம் நசுங்கி, அன்றைக்கு நின்ற கசிவு அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். திரெட்டில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் துணுக்கு உள்ளே புகுந்து வால்வின் வாயில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கசிவை அடைத்தவருக்கு இன்னொரு கசிவைப் பரிசளிப்பதும் உண்டு.

தேர்ந்த மேஸ்திரிக்கும் சாமான் மாற்றுகிறவருக்கும் உள்ள பேதம் விளங்குகிற ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பெடலை மிதிக்காமலே, பின்பக்கத்து ரிலே வால்வின் கழிவு வாயிலிருந்து காற்று ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். கேட்டவுடனே ரிலே வால்வு கெட்டுவிட்டது என்று தீர்மானித்துப் புதியது வாங்கிப் போடுவார்கள். போட்ட பிறகும் சத்தம் நிற்காது. அனுபவஸ்தர் அந்த வால்வைத் தொடுவதற்கு முன்னால் கைப்பிரேக்கைப் போட்டுப் பார்ப்பார். போட்டவுடன் சத்தம் நின்றுவிட்டால் வால்வின் மேல் குற்றமில்லை. இரட்டைப் பூஸ்டரின் நடுவிலுள்ள சீல் தேய்ந்து, ஸ்பிரிங்கைத் தாங்கியிருக்கிற காற்று மறுபக்கத்து அறைக்குள் புகுந்து, அங்கிருந்து குழாய் வழியே பின்னோக்கி வந்து ரிலே வால்வின் வாயால் வெளியேறுகிறது என்பது அதனால் நிரூபணமாகிறது. காற்று வெளியே வருகிற இடம் வேறு, கெட்டுப்போன இடம் வேறு. இந்தச் சூட்சுமத்தை அறிந்த கைக்கு நாம் கொடுக்கிற மரியாதையும் கூலியும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பூஸ்டரைக் கழற்றுகிற வேலையையும் அத்தகையவரிடமே விட வேண்டும். உள்ளே அழுத்தப்பட்டிருக்கிற ஸ்பிரிங் முறைப்படி கட்டப்படாமல் கழன்று தெறித்தால் அருகிலிருப்பவரின் உயிருக்கே அபாயம்.

நம் ஊருக்கே உரிய காரணங்கள் வேறு சில இருக்கின்றன. சேஸிஸின் ஓரமாகத் தொழிற்சாலையில் பதித்தனுப்பிய நைலான் காற்றுக் குழாய்கள், பாடி கட்டும்போது வெல்டிங் பொறி தெறித்து, பொத்தலாகாவிட்டாலும் பாதி வெந்து மெலிந்துவிடுகின்றன. புதிய வண்டி ஒன்று வீதிக்கு வந்த சில மாதங்களில் காரணம் தெரியாமல் கசியத் தொடங்குவதன் ஆதி அங்கேயே இருக்கக்கூடும். ஈரச் சாக்கையோ தகட்டையோ குழாயின்மேல் மறைத்துக்கொண்டு வெல்டிங் செய்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. தரைப் பலகைக்கு அடியில் கை நுழையாத இடத்தில் இணைப்புகளை விடுவதும், ஹோஸ் சட்டத்தில் உராயும்படி கிளாம்ப் இல்லாமல் தொங்கவிடுவதும், கண்ணுக்கு அழகாகப் பாடி கட்டுகிற நாமக்கல்லின் கீர்த்திக்குத் தகாத காரியங்கள். பல ஸ்வரங்களில் ஒலிக்கிற ஏர் ஹாரனை, விதி தடுத்திருந்தும், பிரேக் டேங்கிலிருந்தே குழாய் இழுத்துப் பொருத்துகிறார்கள். அவ்வாறு வைத்த ஒவ்வோர் இணைப்பும் காற்று போவதற்கு ஒரு புது வாசல்.

காற்று ஏறுவதற்கே தாமதமானால், கசிவு இல்லாமலே கம்ப்ரஸர் சோர்ந்திருக்கலாம். வறண்ட கோடையில் நம் சாலைப் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். ரிங் தேய்ந்த கம்ப்ரஸர் எண்ணெயைக் கக்கி, அது வெப்பத்தில் கரியாகக் குழாயில் படியும். ஐப்பசி மழையில் காற்றோடு உள்ளே போகிற ஈரம் டேங்கின் அடியில் நீராகத் தங்கும். டேங்கின் டிரெயின் வால்வைத் தினமும் திறந்துவிடாத வண்டியில் அந்த நீர் வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, காற்றுக்கு இருக்க வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

கசிவை நிறுத்தியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை; பிரேக்கை அளந்து வைக்கவும் வேண்டும். 30 சதுர அங்குலப் பரப்புள்ள பூஸ்டர் ஒன்றில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு காற்று நுழைந்தால், அது தள்ளுகோலை 1,800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கும் அதிகமான பலத்தோடு தள்ளுகிறது. ஆனால் அந்தக் கோல் நகரக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. லைனிங் தேயத் தேயக் கோல் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. இந்த வகைச் சாதாரணப் பூஸ்டரில் அது 2 அங்குலத்தைத் தாண்டினால் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்தாக வேண்டும். சமதரையில் பிடித்த பிரேக் மலைச்சரிவில் பிடிக்காமல் போவதன் ரகசியமும் இதுதான்: தொடர்ந்து மிதித்ததால் சூடேறிய டிரம் விரிந்து விலகுகிறது, கோல் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது, ஏற்கெனவே எல்லையில் நின்ற கோல் அதற்குமேல் போக இடமில்லாமல் முட்டி நிற்கிறது. தானாகச் சரிசெய்துகொள்கிற அட்ஜஸ்டர் வந்துவிட்ட வண்டிகளில், அதைக் கையால் திருகித் திருகிச் சமாளிப்பவர், அது ஏன் தானாக வேலை செய்யவில்லை என்ற கேள்வியை மறைத்துவிடுகிறார்.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற தொப்பூர்க் கணவாயை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நேர்ந்த தொடர் மோதல்கள் உயிர்களைக் கொண்டுபோயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. வேகமும், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிற பழக்கமும், சாலையின் அமைப்பும் அவற்றில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தச் சரிவின் தலைப்பில் நிற்கிற ஒரு லாரியில் காற்று முழுமையாக இருக்கிறதா, கோல்கள் அளவோடு இருக்கின்றனவா என்பது சாலைக்கும் விதிக்கும் காத்திராமல் நம்மாலேயே நிச்சயப்படுத்தக்கூடிய விஷயம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலையிலிருந்து பாரத்தோடு இறங்குகிற வண்டிக்கும் இதுவே பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மரங்களையும் மாடுகளையும் தூரத்திலிருந்து அடையாளமிடுவதற்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட வர்ணத் துப்பாக்கியைக் கொண்டு, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் பன்னிரண்டு பேர் ஒரு காட்டில் ஒருவரையொருவர் குறிவைத்து விளையாடியதிலிருந்து பெயிண்ட்பால் என்ற ஆட்டம் பிறந்தது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இன்று இளைஞர்கள் அதை ஆடுகிறார்கள். அந்தத் துப்பாக்கியும் அடைத்த வாயுவால் இயங்குவதே. ஓ-ரிங் ஒன்று தேய்ந்தால் அதுவும் கசியும். சோப்பு நுரையைத் தடவியே அதிலும் கசிவைத் தேடுகிறார்கள். கரியமில வாயுவை நிரப்பினால் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறி, காலையில் அளந்து வைத்த வேகம் நண்பகலில் மாறிவிடுகிறது. ஆகவே மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்னால், குண்டு வினாடிக்கு 300 அடிக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று வேகமானியில் சுட்டுக் காட்ட வேண்டும். மிஞ்சினால் சரிசெய்துகொண்டு வரும்வரை ஆட அனுமதியில்லை. யாரும் அதை அவமானமாகக் கருதுவதில்லை; ஆட்டத்துக்கு முன் செய்கிற வழக்கமாகவே கருதுகிறார்கள். தசையில் நீலம் பாரிக்கிற அளவுக்கு அடிபடக்கூடிய விளையாட்டுக்கு வாசலிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 2018-இல் திருத்தப்பட்ட விதிப்படி மொத்தம் 28.5 டன் எடையோடு சாலையில் செல்ல அனுமதி பெற்ற பத்துச் சக்கர லாரிக்கு, பாரம் ஏற்றுகிற வாசலில் எந்தச் சோதனையும் இல்லை.

தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்குமேல் வருஷந்தோறும் அது புதுப்பிக்கப்படுகிறது. யந்திரங்களைக் கொண்டு சோதிக்கிற நிலையங்கள் வருவதையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், சோதனைக்குப் போகிற வாரத்தில் பட்டறையில் நின்று பழுதெல்லாம் பார்த்துக்கொண்டு போகிற வண்டி, எஞ்சிய நாட்களில் எப்படி இருக்கிறது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. டையாபிரம் கிழிவதற்குச் சான்றிதழின் தேதி தெரியாது.

நாள்தோறும் வண்டியின் காற்றை அறிகிறவர் ஓட்டுநர் ஒருவரே. அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு அறியாமை காரணம் என்று நான் நம்பவில்லை. நடைக் கணக்கில் படி வாங்குகிறவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கிற நாளில் வருமானம் இல்லை. குறை சொல்கிறவர் என்ற பெயர் எடுத்தால் அடுத்த நடைக்கு வேறொருவர் ஏறிக்கொள்வார். ஆபத்தை முதலில் அறிகிறவரே அதைச் சொல்வதனால் நஷ்டமடைகிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பிறகு விபத்து நடந்த இடத்தில் அவரையே குற்றவாளியாக நிறுத்துவது தர்மமாகாது. உரிமையாளரின் கஷ்டத்தையும் நான் அறியாதவனல்லன். ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு டீசல் விலைக்கும் சுங்கத்துக்கும் வட்டிக்கும் நடுவே நசுங்குகிறவர்கள் அநேகர். ஆனால் ஒரு டையாபிரத்தின் விலையும் அரை நாள் கூலியும் அவரை அழித்துவிடுவதில்லை. ஒரு விபத்து அவர் குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிடுகிறது.

ஆகவே சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரி உரிமையாளர் சங்கங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் மேலே சொன்ன இரண்டு நிமிடச் சோதனையைச் செய்து, இன்ஜினை அணைத்தபோது இருந்த காற்று இவ்வளவு, ஒரு நிமிடம் கழித்து இருந்த காற்று இவ்வளவு என்று நடைச் சீட்டிலேயே எழுதி ஓட்டுநர் கையெழுத்திடுகிற வழக்கத்தை உங்கள் உறுப்பினர்களிடையே இந்த வருஷமே தொடங்கிவையுங்கள். கசிவினால் வண்டி நிற்கிற நாளுக்கு ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அரைப் படியேனும் உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். பாடி கட்டும் பட்டறைகள் வண்டியை ஒப்படைக்கும் நாளில் இதே சோதனையைச் செய்து காட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கட்டும்.